இருதயக் குழாய்க்கு விலை குறிப்பவர் யார்?

நெஞ்சுவலியோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஒருவரின் இருதயக் குருதிக் குழாயில் அடைப்பு இருப்பது கண்டறியப்படுகின்றது. சிறிது நேரத்தில், வெளியே காத்திருக்கும் மனைவியிடமோ மகனிடமோ ஒரு படிவம் நீட்டப்படுகின்றது. ஸ்டென்ட் வைக்க வேண்டும், இந்த வகையென்றால் இவ்வளவு, அதனிலும் சிறந்த வகையென்றால் இவ்வளவு என்று கூறப்படுகின்றது. அவ்வேளையில் பேரம் பேசுவதற்கு எவருக்கும் மனம் வராது. வேறிடத்தில் விசாரித்து வருவதற்கு அவகாசமும் இராது. நகையை அடகு வைத்தேனும் காணியை ஈடு வைத்தேனும் சிறந்ததையே வையுங்கள் என்று கூறிவிட்டுப் படிவத்தில் கையொப்பமிடுவதே வழமையாகும்.

அந்தப் படிவத்தில் எழுதப்படும் தொகை எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதைச் சாதாரண மக்கள் அறிந்துகொள்வதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு பொருளைப் பல நிறுவனங்கள் போட்டியிட்டு விற்குமானால் விலை குறையும் என்பது சந்தை பற்றிய பொதுவான நம்பிக்கை. ஆனால், மருத்துவ சாதனங்களைப் பொறுத்தவரையில் இந்நம்பிக்கை பல தடவைகள் பொய்த்துப்போயுள்ளது. போட்டி அதிகரித்தபோது விலையும் அதிகரித்த சந்தர்ப்பங்கள் உண்டு. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு ஸ்டென்ட் எனப்படும் சிறிய உலோக வலைக்குழாயின் கதையைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

தெரிவு செய்பவர், வாங்குபவர், செலுத்துபவர்

கடையில் அரிசி வாங்கும் ஒருவர் தாமே தெரிவு செய்து, தாமே பணம் செலுத்தி, தாமே உண்கின்றார். ஆதலால், அரிசியின் தரத்தையும் விலையையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அவரால் முடிகின்றது. வைத்தியசாலைச் சந்தையில் இந்த ஒரு மனிதர் மூவராகப் பிரிந்து நிற்கின்றார். எந்தச் சாதனம் பொருத்தமானது என்று தெரிவு செய்பவர் வைத்திய நிபுணர். அதனை நிறுவனத்திடமிருந்தோ உள்ளூர் முகவரிடமிருந்தோ வாங்குவது வைத்தியசாலை. இறுதியில் அதற்கான பணத்தைச் செலுத்துவது நோயாளியோ, காப்புறுதி நிறுவனமோ, அரசாங்கமோ ஆகும்.

தெரிவு செய்பவர் விலையைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. செலுத்துபவருக்கோ தெரிவு செய்யும் அறிவும் அவகாசமும் இல்லை. இடையில் நிற்கும் வைத்தியசாலை, வாங்கும் விலைக்கும் நோயாளியிடம் அறவிடும் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தில் வருமானம் பெறும் நிலையில் இருக்குமானால், விலை உயர்வதை அது எதிர்க்கப்போவதில்லை. புதிய சாதனமொன்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம் விலையைத் தீர்மானிக்கும்போது இந்த மூவரின் நிலையையும் கணக்கிலெடுத்தே செயற்படுகின்றது.

விலை குறிப்பதற்கு நிறுவனங்கள் பொதுவாக மூன்று வழிகளைக் கையாளுகின்றன. உற்பத்திச் செலவோடு ஓர் இலாபத்தைச் சேர்த்துக்கொள்வது முதலாவது வழி. சந்தையில் ஏற்கனவே உள்ள போட்டிப் பொருளின் விலையைப் பார்த்து, அதற்குச் சற்று மேலாகவோ கீழாகவோ குறிப்பது இரண்டாவது. தமது சாதனம் எவ்வளவு செலவை மிச்சப்படுத்துகின்றது என்று கணக்கிட்டு, அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கோருவது மூன்றாவது. ஆய்வு, நோயாளரிடையே நடத்தப்படும் பரிசோதனைகள், அங்கீகாரம் பெறுவதற்கான செலவு, வைத்தியர்களுக்கான பயிற்சி, முகவரின் தரகு ஆகியவையும் விலையில் அடங்குகின்றன. ஸ்டென்ட் போன்றவற்றில் பல விட்டங்களிலும் நீளங்களிலும் குழாய்கள் எந்நேரமும் வைத்தியசாலையில் ஆயத்தமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் முகவரே அவற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாவிக்கப்பட்டவற்றுக்கு மாத்திரம் பின்னர் பணம் பெறுகின்றார். காலாவதியாகும் குழாய்களின் நட்டமும் விலையிலேயே ஏற்றப்படுகின்றது. எனினும், இவை அனைத்தையும் கூட்டினாலும் நோயாளி செலுத்தும் தொகை வந்துவிடுவதில்லை என்பதையே அனுபவம் காட்டுகின்றது.

1,595 டொலர் புகட்டிய பாடம்

அடைபட்ட இருதயக் குருதிக் குழாயைச் சிறு பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சையை 1977 ஆம் ஆண்டு சூரிச் நகரில் வைத்தியர் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாகச் செய்தார். விரிக்கப்பட்ட குழாய் சில மாதங்களில் மீண்டும் சுருங்குவது அச்சிகிச்சையின் பெருங்குறையாக இருந்தது. குழாய் சுருங்காதவாறு தாங்கி நிற்பதற்காகவே ஸ்டென்ட் உருவாக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டில் அது முதன்முதலாக மனித இருதயக் குருதிக் குழாயில் பொருத்தப்பட்டது.

ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் பல்மாஸ்-ஷட்ஸ் ஸ்டென்டுக்கு 1994 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க அங்கீகாரம் கிடைத்தது. அந்நிறுவனம் ஒரு குழாய்க்கு 1,595 டொலர் என்று விலை குறித்தது. சந்தையின் மிகப் பெரும் பகுதி அதன் கையில் இருந்தமையால், பெருந்தொகையாக வாங்கிய வைத்தியசாலைகளுக்குக்கூடத் தள்ளுபடி வழங்க அது இணங்கவில்லை.

முதியோருக்கான அமெரிக்க அரச காப்புறுதித் திட்டமான மெடிகெயார், ஒவ்வொரு சிகிச்சை வகைக்கும் ஒரு நிலையான தொகையையே வைத்தியசாலைக்கு வழங்கி வந்தது. பலூன் சிகிச்சைக்கு வழங்கப்பட்ட அதே தொகைதான் ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்கும் கிடைத்தது. ஆகவே, மேலதிகமான 1,595 டொலரையும் வைத்தியசாலைகள் தமது பணத்திலிருந்தே செலவிட நேர்ந்தது. நிபுணர்கள் ஸ்டென்டை விரும்பினர், வைத்தியசாலை நிருவாகங்களோ அதன் விலையை மனக்கசப்போடு சகித்துக்கொண்டன.

1997 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைடன்ட் நிறுவனத்தின் போட்டி ஸ்டென்ட் அங்கீகாரம் பெற்றபோது அந்த மனக்கசப்பு வெளிப்பட்டது. புதிய குழாய் வளைந்து கொடுக்கும் தன்மையில் சிறந்ததாக இருந்தது உண்மையே. ஆயினும், வைத்தியசாலைகள் அணியணியாகப் பழைய நிறுவனத்தைக் கைவிட்ட வேகத்துக்கு விலைப் பிடிவாதமும் ஒரு காரணமாக அமைந்தது. சந்தையில் 90 சதவீதத்துக்கும் மேல் வைத்திருந்த நிறுவனத்தின் பங்கு 1998 ஆம் ஆண்டின் இறுதியில் 10 சதவீதத்துக்கும் கீழே வீழ்ந்தது. விலையை எதிர்க்கக்கூடிய ஒருவரின் பணப்பையில் செலவு விழுந்தபோது போட்டி வேலை செய்தது என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

ஆனால், நிறுவனம் கற்றுக்கொண்ட பாடம் வேறானது. செலவு வைத்தியசாலையின் தலையில் விழாதவாறு முற்கூட்டியே வழிசெய்ய வேண்டும் என்பதே அது. மீண்டும் அடைப்பு ஏற்படாமல் தடுக்கும் மருந்து பூசப்பட்ட சைபர் என்னும் ஸ்டென்டை அந்நிறுவனம் தயாரித்தது. அதற்கு 2003 ஏப்ரலில் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குப் பல மாதங்கள் முன்னரே, 2002 ஆகஸ்டில், இத்தகைய ஸ்டென்டுக்கான கொடுப்பனவை உயர்த்த மெடிகெயார் தீர்மானித்திருந்தது. அங்கீகாரம் பெறாத சாதனமொன்றுக்கு இவ்வாறு முன்கூட்டியே இடமளிக்கப்பட்டமை வழமைக்கு மாறானதாகும்.

சைபரின் விலை 3,195 டொலர். அக்காலத்தில் மருந்து பூசாத ஸ்டென்டின் விலை ஏறத்தாழ 1,000 டொலராக இருந்தது. இங்கே விலை குறிக்கப்பட்டது மூன்றாவது வழியிலாகும். சாதாரண ஸ்டென்ட் வைக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மீண்டும் அடைப்பு ஏற்பட்டது. புதிய ஸ்டென்ட் அதனைப் பெருமளவு குறைத்தது. இரண்டாவது சிகிச்சையின் செலவு மிச்சமாவதால் முதலாவது சிகிச்சைக்கு அதிகம் கொடுக்கலாம் என்பதே நிறுவனத்தின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அந்த மிச்சத்தில் நிறுவனத்துக்கு எவ்வளவு, சமூகத்துக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் நோயாளி அமர்ந்திருக்கவில்லை.

2004 இல் பொஸ்டன் சயன்டிபிக் நிறுவனமும் 2008 இல் மெட்ரோனிக், அபொட் ஆகிய நிறுவனங்களும் அமெரிக்கச் சந்தையில் இறங்கின. விலைகள் படிப்படியாக வீழ்ந்தன. 2011 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் ஸ்டென்ட் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இதற்கிடையில் 2007 இல் வெளியான கரேஜ் ஆய்வு வேறொரு உண்மையையும் உணர்த்தியது. மாரடைப்பு ஏற்படாத, நிலையான நெஞ்சுவலியுள்ள நோயாளருக்குச் சிறந்த மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டையும் சேர்த்து வைப்பதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்பதே அது. மாரடைப்பு ஏற்பட்டுள்ள வேளையில் உயிர்காக்கும் அதே சாதனம், வேறொரு நோயாளிக்கு அவசியமற்றதாக இருக்கக்கூடும். தேவையற்ற இடத்தில் வைக்கப்படும் ஸ்டென்ட் எவ்வளவு மலிவானதாயினும் நோயாளிக்கு நட்டமே.

போட்டி விலையை உயர்த்திய கதை

அமெரிக்காவில் பெரும்பாலும் காப்புறுதியே செலுத்தியது. நோயாளியே தமது கையிலிருந்து செலுத்தும் நாட்டில் இதே சந்தை எவ்வாறு இயங்கியது என்பதை இந்தியா காட்டியது. அங்கு உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் ஸ்டென்ட் விற்றன. போட்டிக்குக் குறைவே இல்லை. ஆனால், நிறுவனங்கள் போட்டியிட்டது நோயாளியின் மனதைக் கவர்வதற்காக அல்ல. பொதியில் அச்சிடப்படும் உச்ச சில்லறை விலைக்கும் வைத்தியசாலைக்கு வழங்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியை எவர் அதிகமாகக் காட்டுகின்றாரோ, அவரது குழாயே வைத்தியசாலையின் விருப்பத்துக்குரியதாகியது. இதனால், போட்டி கூடக்கூட அச்சிடப்பட்ட விலையும் கூடியது.

சட்டத்தரணி ஒருவர் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இவ்விடயத்தை அரங்குக்குக் கொண்டுவந்தது. 2016 இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்திய மருந்து விலை அதிகாரசபை நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டி வெளியிட்டபோது, சில சந்தர்ப்பங்களில் வைத்தியசாலை மட்டத்தில் மாத்திரம் 600 சதவீதத்துக்கும் மேற்பட்ட இலாபம் வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. 2017 பெப்ரவரியில் அச்சபை உச்ச விலையை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக 45,000 இந்திய ரூபா அளவில் விற்கப்பட்ட சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாவும், 121,000 ரூபா அளவில் விற்கப்பட்ட மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாவும் குறிக்கப்பட்டன. ஒரே நாளில் விலை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

எதிர்ப்புகளும் எழுந்தன. பழைய தலைமுறைக் குழாய்க்கும் புதிய தலைமுறைக் குழாய்க்கும் ஒரே உச்ச விலை குறித்தால் புதிய கண்டுபிடிப்புகள் நாட்டுக்கு வராமற் போகும் என்று நிறுவனங்கள் வாதிட்டன. சில நிறுவனங்கள் தமது உயர்ரகக் குழாய்களைச் சந்தையிலிருந்து மீளப்பெற அனுமதி கோரின. இந்த வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், அவ்வாறு மீளப்பெற முனையப்பட்டவற்றுள் ஒன்றான, உடலில் கரைந்து மறையும் அப்சோர்ப் என்னும் ஸ்டென்ட், இரத்தக்கட்டி ஏற்படும் அபாயம் அதிகமென ஆய்வுகள் காட்டிய பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில் உலகெங்கும் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. புதியது, விலை உயர்ந்தது என்பதனால் மாத்திரம் ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதற்கு இதுவே சான்றாகும்.

மறுபுறத்தில், ஸ்டென்டில் இழந்த வருமானத்தைச் சில வைத்தியசாலைகள் சிகிச்சைக் கட்டணத்திலும் ஏனைய பொருட்களிலும் சேர்த்துக்கொண்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. ஒரு பொருளின் விலையை மட்டும் கட்டுப்படுத்தி, முழுப் பற்றுச்சீட்டையும் கவனியாது விட்டால் பயன் பாதியாகவே இருக்கும் என்பதும் அங்கு கற்றுக்கொள்ளப்பட்ட பாடமாகும்.

மதுரை காட்டிய மற்றொரு வழி

அரசாங்கத்தின் ஆணையின்றியே விலை இறங்கிய கதையும் உண்டு. அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டு மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையை ஆரம்பித்தார். வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்வதே அதன் நடைமுறை. கண்புரையை அகற்றிய பின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அக்காலத்தில் மேலைநாடுகளிலிருந்தே வந்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டொலர். அந்த விலையில் ஏழைகளுக்கு வில்லை வைப்பது இயலாத காரியமாகையால், தடித்த மூக்குக்கண்ணாடியோடு அவர்கள் திருப்திகொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலையில் 1992 இல் ஒரோலாப் என்னும் உற்பத்திச்சாலை அங்கு நிறுவப்பட்டது. அது வில்லையை ஏறத்தாழ 10 டொலருக்கு வழங்கத் தொடங்கி, பின்னர் அதனையும் பல மடங்கு குறைத்தது. இன்று அதன் உற்பத்திகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. இங்கு நடந்தது அதிசயமன்று. தெரிவு செய்யும் வைத்தியரும், வாங்கும் வைத்தியசாலையும், செலவைத் தாங்கும் கையும் ஒரே நிறுவனத்துள் இருந்தமையால், ஏழைக்கு எட்டும் விலை எது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ப உற்பத்தியை ஒழுங்குசெய்ய அவர்களால் முடிந்தது. பிரிந்து நின்ற மூவரும் மீண்டும் ஒருவரானார்கள்.

எமது நாட்டுக்குரிய பாடம்

இலங்கைக்கு இவ்விடயம் புதியதன்று. பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையில் உருவாகி 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம், நாட்டின் தேவையை ஒன்றுதிரட்டி, உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் கொள்வனவு செய்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பதை அக்காலத்திலேயே நிரூபித்துக் காட்டியது. சிறிய நாடாக இருந்தபோதிலும், தெரிவையும் கொடுப்பனவையும் ஒரே இடத்தில் சேர்த்தமையே அதன் பலமாகும். மருந்துகளுக்குக் காட்டப்பட்ட அக்கறை மருத்துவ சாதனங்களுக்கு அதே அளவில் காட்டப்பட்டது என்று கூற முடியாது. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், மருந்துகளோடு மருத்துவ சாதனங்களையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அதிகாரசபையிடம் ஒப்படைத்துள்ளது.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது எமது பெருமைக்குரிய மரபு. ஆனால், களஞ்சியத்தில் பொருள் இல்லாதபோது நோயாளியின் குடும்பம் அதனை வெளியே வாங்கிவர நேர்கின்றது. அக்கணமே இலவச சிகிச்சை பெறும் பிரஜை, முன்பு கூறப்பட்ட சந்தையின் வாசலில் தனியாக நிற்கும் வாடிக்கையாளராகிவிடுகின்றார். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் உயர்ந்தது. இறக்குமதிப் பொருட்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதை நோயாளிகள் தமது பற்றுச்சீட்டுகளிலேயே கண்டனர்.

அதேவேளை, விலை குறைவாக இருந்தால் போதும் என்ற எண்ணமும் ஆபத்தானது. 2023 ஆம் ஆண்டில், இறக்குமதி செய்யப்பட்ட கண் சொட்டு மருந்தினால் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்கள் பாதிக்கப்பட்ட சம்பவம் எளிதில் மறக்கக்கூடியதன்று. தரத்தை உறுதிசெய்யும் பதிவு நடைமுறையைத் தளர்த்திவிட்டுப் பெறும் மலிவு, பின்னர் வேறு விதத்தில் செலுத்தப்பட வேண்டிய கடனாகவே முடியும்.

இந்த அனுபவங்களிலிருந்து சில நடைமுறைகள் தெளிவாகின்றன. அரச வைத்தியசாலைகளுக்கான ஸ்டென்ட், கண்வில்லை, செயற்கை மூட்டு ஆகியவற்றின் தேவையை ஆண்டுக்கு முன்னரே கணித்து ஒன்றாகக் கொள்வனவு செய்ய வேண்டும். எந்த வகைச் சாதனம் எந்த நோயாளிக்கு அவசியம் என்பதைத் துறைசார் நிபுணர்களைக் கொண்ட குழு எழுத்தில் வரையறுக்க வேண்டும். இறக்குமதி விலை, முகவரின் இலாபம், வைத்தியசாலையின் இலாபம் ஆகியன தனித்தனியே வெளிப்படுத்தப்பட வேண்டும். தனியார் வைத்தியசாலைகள் சாதனத்தின் பெயர், தயாரிப்பு நிறுவனம், விலை ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் தெளிவாகக் குறிப்பிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். புதிய சாதனத்துக்குக் கூடுதல் விலை கோரும் நிறுவனம், பழையதைவிட அது எவ்வளவு மேலானது என்பதை ஆய்வுகளின் மூலம் நிரூபித்த பின்னரே அவ்விலையைப் பெறத் தகுதியுடையதாகும்.

நோயாளரின் உறவினர்களும் சில வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். இந்தச் சிகிச்சை இன்றே அவசியமா, மருந்துகளோடு சிறிது காலம் பொறுத்திருக்க முடியுமா, கூறப்படும் இரண்டு வகைகளுக்குமிடையில் இந்த நோயாளியைப் பொறுத்தவரையில் என்ன வேறுபாடு என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நேர்மையான நிபுணர் எவரும் இதற்கு விளக்கமளிக்கத் தயங்கமாட்டார். மாரடைப்பு ஏற்பட்டுள்ள அவசர வேளையில் மாத்திரம் வினாக்களுக்காகத் தாமதிக்கலாகாது.

ஆயினும், நள்ளிரவில் வைத்தியசாலை வாசலில் நிற்கும் ஒரு குடும்பத்திடம் பேரம் பேசும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. அந்தப் பேரம் அவர்கள் அங்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, பகல் வெளிச்சத்தில், கணக்கு வழக்குகளை மேசையில் வைத்து, அவர்கள் சார்பில் பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான சட்டம் எம்மிடம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அனுபவமும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தும் மன உறுதியையே ஆட்சியாளர்களிடம் மக்கள் எதிர்பார்க்கின்றனர்.